மூச்சு ஆபீசில் ஒரு வேகச் சாதனை

வேகமாக வேலை செய்கிற அலுவலகம் ஒன்றை உங்களில் யாராவது பார்த்திருந்தால் கை தூக்குங்கள். எங்கள் தையல்காரர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வந்த மனுஷன் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

அந்த அலுவலகத்தின் முழுப் பெயர் பலகையில் இரண்டு வரிக்கு நீளும். படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் ஜனங்கள் அதைச் சுருக்கி மூச்சு ஆபீஸ் என்று வைத்துக்கொண்டார்கள். நெஞ்சு கெட்டுப்போனவர்களுக்கு வீட்டில் வைத்துக்கொள்ள ஆக்சிஜன் மெஷின் இலவசமாகக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் அந்தக் கட்டடம், அத்தனை நாற்காலி, அத்தனை மின்விசிறி. மெஷின்கள் மூன்றாவது மாடிக் கிடங்கில் இருந்தன. மூச்சு விட முடியாதவர்களுக்கான சாமானை மூன்றாவது மாடியில் வைக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ! லிஃப்ட் ஒன்று உண்டு. அதன் கதவில் 'கோப்புகளுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

தையல்காரருக்கு ஒரே அக்கா. பஞ்சு மில்லில் கால் நூற்றாண்டு வேலை பார்த்து, அந்தப் பஞ்சையெல்லாம் நெஞ்சில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள். தம்பியைப் படிக்க வைத்ததும் அவள்தான், படிப்பு ஏறாது என்று தெரிந்ததும் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். கடை முன்னறையில், அக்கா பின்னறையில். படுத்தால் மூச்சு அடைக்கும் என்பதால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று தடவை நிறுத்த வேண்டியிருந்தது. போன முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மருத்துவர் தையல்காரரைத் தனியே கூப்பிட்டு, வீட்டிலேயே மெஷின் இருந்தால்தான் தாங்கும், அடுத்த முறை இங்கே வந்து சேருகிற வரைக்கும் உயிர் இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். இவர் அன்றைக்கே மூச்சு ஆபீசுக்கு எழுதிப் போட்டார்.

இங்கே பழைய காலத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மெஷின் வாங்க நாற்பது நிபந்தனைகள். அத்தனைக்கும் பொருந்தினால்தான் கிடைக்கும். முன்பெல்லாம் ஒரு விண்ணப்பம் வந்தால் முதல் நிபந்தனையிலிருந்து கடைசி நிபந்தனை வரை ஒவ்வொரு அறையாகப் போகும். இரண்டாவதிலேயே தேறாது என்று தெரிந்தாலும் மீதி முப்பத்தெட்டு அறைக்கும் போய்த்தான் திரும்பும். மாதக்கணக்கில் இழுக்கும். ஆனால் அந்த அறைகளில் இருந்தவர்கள் சோம்பேறிகளே தவிரக் கல்நெஞ்சர்கள் இல்லை. நோயாளியால் மாடி ஏற முடியாது என்றால் குமாஸ்தாவே முனகிக்கொண்டு கீழே இறங்கி வந்து, வண்டியில் உட்கார்ந்திருக்கிறவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'நேரில் தோன்றினார்' என்று எழுதிக்கொண்டு போவார். ஏதோ மாதத்துக்கு நாலைந்து மெஷின் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது.

தாமதம், தாமதம் என்று பத்திரிகைகள் கிழித்தன. மேலிடம் ஒரு வேக அதிகாரியை அனுப்பி வைத்தது.

வேக அதிகாரி அதற்கு முன் ஒரு பெரிய கம்பெனியில் டேட்டாபேஸ் மேய்த்தவர். மனிதர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஒருவரிடமும் குரல் உயர்த்த மாட்டார், டீ கொண்டுவருகிறவருக்குக்கூட நன்றி சொல்வார். பதவியேற்ற அன்று ஊழியர்களையும் விண்ணப்பதாரர்களையும் ஒன்றாக உட்கார வைத்து அவர் பேசியதைத் தையல்காரரும் கேட்டார்.

"கம்ப்யூட்டர்கிட்ட ஒரு கேள்வி கேக்கறோம். அதுல நாப்பது நிபந்தனை. நடுவுல எல்லாம் 'மற்றும், மற்றும்'னு கோத்திருக்கு. அப்போ ஒண்ணு தவறினாலே போதும், மீதியைப் பார்க்கவே வேண்டாம். புத்திசாலி என்ன செய்வான்? எது அதிகம் பேரைக் கழிச்சுக் கட்டுதோ அந்த நிபந்தனையை முதல்ல கேப்பான். கேக்கறதுக்குச் சுலபமானது முன்னாடி, செலவு புடிக்கறது பின்னாடி. கோடிக்கணக்கான தகவல் வரியை டேட்டாபேஸ் இப்படித்தான் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சலிச்சுடுது. மனுஷங்களுக்கு மட்டும் நாம ஏன் இத்தனை காலமா இந்தச் சலுகையைக் கொடுக்கலை?"

எல்லோரும் கை தட்டினார்கள். தையல்காரரும் தட்டினார். சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. எங்கே தப்பு என்று அவருக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

மறுநாளே அறைகள் இடம் மாறின. நாற்பது நிபந்தனைகளில் அதிகம் செலவு பிடிப்பது எது என்று கணக்குப் பார்த்தார்கள். 'விண்ணப்பதாரருக்கு உண்மையிலேயே மூச்சுத் திணறல் இருக்க வேண்டும்' என்பதுதான் அது. அதைப் பார்க்க மருத்துவர் வேண்டும், கருவி வேண்டும், படுக்கை வேண்டும். ஆகவே அது கடைசிக்குப் போயிற்று. அதிகம் பேரைக் கழித்துக்கட்டுவது எது என்று பார்த்தார்கள். 'மின் இணைப்பு விண்ணப்பதாரரின் பெயரிலேயே இருக்க வேண்டும்' என்பது முதலில் வந்து நின்றது. அதற்கு அறைகூடத் தேவைப்படவில்லை. வாசலிலேயே காவலாளி கேட்டுவிட்டார்.

அக்கா வீட்டு மின் இணைப்பு, காலமாகிப்போன அத்தான் பெயரில் இருந்தது. "தள்ளுபடி" என்றார் காவலாளி. தையல்காரர் செருப்பைக்கூட இன்னும் சரியாகக் கழற்றியிருக்கவில்லை.

அவர் அலைந்து திரிந்து இணைப்பை அக்கா பெயருக்கு மாற்றிக்கொண்டு மறுபடி வந்தார். வாசலில் காவலாளி வேறு கேள்வி வைத்திருந்தார். விஷயம் என்னவென்றால், இவரைப் போலவே எல்லோரும் இணைப்பை மாற்றிக்கொண்டு வந்துவிட்டதால் அந்த நிபந்தனையின் கழிக்கும் சக்தி குறைந்துபோயிருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேக அதிகாரி புள்ளிவிவரத்தைப் புதுப்பிப்பார். மந்தமாகிவிட்ட நிபந்தனையைப் பின்னால் தள்ளிவிட்டு, அப்போதைக்கு எது நன்றாகக் கடிக்கிறதோ அதை வாசலில் கட்டுவார். இந்த வாரம், வீட்டுக்குக் கிழக்கு பார்த்த ஜன்னல் இருக்க வேண்டும். தையல்காரர் சுவரை இடித்து ஜன்னல் வைத்துக்கொண்டு போனார். அதற்குள் ஊரே ஜன்னல் வைத்துவிட்டது. அடுத்தது, விண்ணப்பதாரருக்கு முதுகலைப் பட்டம் பெற்ற வாரிசு இருக்கக் கூடாது. அக்காவுக்கு வாரிசே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். வாரிசு இல்லை என்பதற்குச் சான்று எங்கே என்றார்கள். எந்தக் கேள்விக்கு இவர் பதிலோடு போனாலும் அந்தக் கேள்வி அதற்குள் பின்கட்டுக்குப் போயிருந்தது.

"ஏன்டா, நான் செத்துப்போய்ட்டா... அந்த ஆபீஸ்ல... சீக்கிரம் முடிச்சுக் கொடுப்பாங்களா?" என்று அக்கா கேலி பண்ணினாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. உதடு நீலமாகிவிட்டது. தையல்காரர் அவள் முதுகைத் தடவியபடி நின்றார். வாசலில் தைத்த துணியை வாங்க வந்தவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இதற்குள் வேக அதிகாரிக்கு அடுத்த யோசனை வந்துவிட்டது. ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கேட்பதுதான் நேரத்தைத் தின்கிறது. டேட்டாபேஸ் அப்படிச் செய்வதில்லையாம். வரிகளைக் கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு, ஒரே நிபந்தனையை ஒரே வீச்சில் எல்லாவற்றின் மேலும் ஓட்டிவிடுமாம். ஆகவே தரைத்தளத்துக் கூடத்தில் எல்லா விண்ணப்பதாரர்களும் நோயாளியோடு கூட வேண்டும் என்று அறிவித்தார்கள். நிபந்தனைகளை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். பொருந்துகிறவர்கள் நிற்க வேண்டும். பொருந்தாதவர்கள் உட்கார வேண்டும். உட்கார்ந்தவர்கள் மறுபடி எழக் கூடாது.

படிக்கிறவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். அங்கே கூடியிருந்த ஊழியர்கள் ஒருவருக்கும் புரியவில்லை.

வாடகை வண்டி பிடித்து அக்காவை அழைத்துப்போனார் தையல்காரர். முதல் நிபந்தனைக்கு அவள் நின்றாள். இரண்டாவதற்கும், தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவதை வாசிக்கும் முன்பே கூடத்தில் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். வாசிப்பவர் "கொஞ்சம் பொறுங்க, இன்னும் கேக்கவே இல்ல" என்றார். நாலாவதில் அக்காவின் கை வழுக்கியது. அவள் தரையிலேயே அமர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். ஓர் ஊழியர் வந்து, ரொம்ப மரியாதையாக "மன்னிக்கணும்மா" என்று சொல்லி அவள் தோளில் சிவப்புத் துண்டுச் சீட்டு ஒட்டினார். கடைசி வரை நின்றவர் ஒரே ஒருவர்தான். அவர் மின்விசிறி ரிப்பேருக்காக ஏணியோடு வந்தவர். உட்கார வேண்டும் என்று அவருக்குத் தெரியாது; நின்றதால் எல்லா நிபந்தனைக்கும் பொருந்தியதாகக் குறித்துக்கொண்டார்கள். கடைசியாக மருத்துவர் அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, மூச்சு அருமையாக இருக்கிறது என்று சொல்லித் தள்ளுபடி செய்தார்.

ஒருவர்கூடத் தேறவில்லை என்பது வேக அதிகாரியை உறுத்தியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் நிபந்தனைகள் அனைத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்து ஆராய்ந்தார். அடுத்த வாரம் மறுபடி கூட்டம் போட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டு நிபந்தனையைப் படிக்கறேன், கேளுங்க. ஒண்ணு: விண்ணப்பதாரர் பிறர் துணையில்லாம மூணாவது மாடிக்கு ஏறி வந்து, கிடங்குல கையெழுத்துப் போட்டு மெஷினை வாங்கிக்கணும். இன்னொண்ணு: விண்ணப்பதாரர் பிறர் துணையில்லாம ஒரு மாடிகூட ஏற முடியாதவரா இருக்கணும். இது ரெண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்தவே பொருந்தாது. இவ்வளவு காலமா இதைக் கவனிக்காம ஒவ்வொருத்தரையும் உக்கார வெச்சு விசாரிச்சிருக்கோம்! நல்ல டேட்டாபேஸ் இதைப் பார்த்த உடனே என்ன செய்யும் தெரியுமா? ஒரு வரியைக்கூடத் தொடாது. பதில் 'இல்லை'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடும். இன்னையிலேருந்து நமக்கும் ஒரு விண்ணப்பத்துக்கு ஆகற நேரம் பூஜ்யம்."

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. தையல்காரர் எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"ஐயா, அந்த ரெண்டுல ஒண்ணை எடுத்துட்டா?"

வேக அதிகாரி அவரைக் கனிவோடு பார்த்தார். "நல்ல கேள்வி. ஆனா நிபந்தனை போடறது வேற துறைங்க. நாங்க அதுல கை வைக்க முடியாது. எங்களுக்குக் கொடுத்திருக்கற வேலை வேகம்" என்றார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பூஜ்யத்திலிருந்து தானாகவே வந்தவை. விசாரணை அறைகளைப் பூட்டினார்கள். மருத்துவரைத் திருப்பி அனுப்பினார்கள். மெஷின் வெளியே போகவே போகாது என்று ஆகிவிட்டபடியால் கிடங்கு வாசலில் நின்ற காவலாளியும் தேவையில்லை, கீழே வெளியேறும் வழியில் சாமானைச் சோதிக்கிறவரும் தேவையில்லை. ஒரே ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்து, அங்கே ஒருவரை உட்கார வைத்து, 'இல்லை' என்று சொல்லச் சொன்னார்கள். அப்படியும் ஜன்னல் முன்னால் வரிசை குறையவில்லை. டோக்கன் கொடுப்பது வேறு பிரிவு. அங்கே இன்னும் பழைய வேகம்தான்.

ஒரு நாள் காலையில் அக்காவுக்கு மோசமாகிவிட்டது. பேச்சு நின்றுபோய்க் கையால் ஜாடை காட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை அவளுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டுத் தையல்காரர் ஓடினார். எதற்கு ஓடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. வேக அதிகாரியின் காலில் விழலாம் என்று நினைத்திருந்தார். அதிகாரி மேலிடத்தில் பாராட்டு வாங்கப் போயிருந்தார். இவர் மாடி மாடியாக ஏறினார். தடுக்க ஆளே இல்லை. மூன்றாவது மாடியில் கிடங்கு திறந்தே கிடந்தது. உள்ளே வரிசை வரிசையாக மெஷின்கள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். வாசலோரம் மேஜை போட்டுக் கிடங்கு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

தையல்காரர் அழுதேவிட்டார். ஒரே ஒரு மெஷின், அக்காவுக்கு, உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்றெல்லாம் சொன்னார்.

குமாஸ்தா நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "வெளிய போற மெஷினைப் பார்த்து எழுதறதுதான் என் வேலை. வெளிய எதுவும் போகாதுன்னு முடிவாயிடுச்சு. அதனால நான் எதையும் பார்க்கறதில்ல" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் இரக்கப்பட்டுச் சொன்னாரா, விதியைச் சொன்னாரா என்று யோசிக்கத் தையல்காரருக்கு நேரமில்லை. கைக்குக் கிடைத்த மெஷினை மார்போடு அணைத்துத் தூக்கினார். நல்ல கனம். படிக்குப் படி நின்று நின்று இறங்கினார். பின்னால் யாராவது கத்துவார்கள் என்று முதுகு எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. யாரும் கத்தவில்லை.

கீழே ஜன்னல் வரிசையில் ஓர் அம்மாள் நின்றிருந்தாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் புருஷன், வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மெஷினைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள்.

"கிடைச்சுடுச்சா? எந்த நிபந்தனையில பாஸானீங்க?"

"ஒண்ணுலயும் இல்லம்மா. மேல யாரும் இல்ல. எடுத்துட்டு வந்துட்டேன். நீங்களும் போய் எடுத்துக்குங்க."

அவள் படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த டோக்கனைப் பார்த்தாள். "விடிகாலையிலேருந்து நிக்கறேன். இப்ப நகர்ந்தா இடம் போயிடுமே" என்றாள்.

தையல்காரருக்கு அவளோடு வாதாட நேரமில்லை. மெஷினோடு வாசலைத் தாண்டி ஓடிவிட்டார்.

வீட்டில் பிளக்கைச் சொருகினார். மெஷின் உறுமத் தொடங்கியது. குழாயை அக்காவின் மூக்கில் பொருத்தினார். கொஞ்ச நேரத்தில் உதட்டுக்கு நிறம் வந்தது, நெஞ்சுக்குழி குதிப்பது அடங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் அக்கா சாவகாசமாகப் பேசினாள். எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டாள். கொடுக்கவில்லை, திருடினேன் என்றார் இவர். அக்கா சிரித்தாள். அந்த அம்மாளைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

"ஏன்டா, அவ நகர மாட்டேன்னா என்ன, நீ இன்னொரு தடவை மேல ஏறி எடுத்துட்டு வந்து அவ கையில வெச்சிருக்கக் கூடாதா?" என்றாள். நிறுத்தாமல் முழுதாக ஒரு வாக்கியத்தை அவள் பேசி முடித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

தையல்காரருக்குச் சுருக்கென்றது. அந்த நேரத்தில் அவருக்கு அது தோன்றவே இல்லை. தன் ஆள் பிழைத்தால் போதும் என்று ஓடிவந்துவிட்டார். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் நேராக மூன்றாவது மாடிக்குப் போனார். குமாஸ்தா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். இன்னொரு மெஷினைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். வரிசையில் அந்த அம்மாள் நின்றிருந்தாள், ஜன்னலுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். இவர் மூச்சிரைக்க அவள் முன்னால் போய் நின்றபோதுதான் பக்கத்தில் சக்கர நாற்காலி இல்லை என்பதைக் கவனித்தார்.

"ராத்திரி போயிட்டாருங்க" என்றாள் அவள். "வீட்ல எல்லாரும் இருக்காங்க. எடுக்கறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. இந்த டோக்கன் இன்னைக்கு வரும்னு சொன்னாங்க, அதான் வந்தேன்."

தையல்காரருக்கு மெஷினை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அவருக்குக் கொடுங்க" என்று பின்னால் நின்ற கிழவரைக் காட்டினாள். "எனக்கு அடுத்தது அவர்தான்."

ஜன்னலில் அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய் நின்றாள். உள்ளே இருந்தவர் நிமிராமலே "இல்லை" என்றார்.

"யாரு, என்னன்னு நீங்க பார்க்கவே இல்லையே" என்றாள் அவள்.

"பார்க்க வேண்டியதில்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.